இரவுக்கு எந்தத் தோட்டா? குட்டை ரிவால்வரில் .357 மேக்னமா, .38 ஸ்பெஷலா

.357 மேக்னம் ரிவால்வர் வாங்குபவருக்கு ஒரு வசதி உண்டு. அதே சிலிண்டரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போட்டுச் சுடலாம். ஆனால் அந்த வசதியே ஒரு கேள்வியையும் கொண்டுவருகிறது. சுட்டுப் பழகும் ரேஞ்சில் எதைச் சுட்டாலும் சரி, படுக்கையறை லாக்கருக்குள் இரவு முழுக்க இருக்கும் துப்பாக்கியில் எதைப் போட்டு வைப்பது?

அமெரிக்காவில் குடியேறி, வீட்டுப் பாதுகாப்புக்காகச் சட்டப்படி கைத்துப்பாக்கி வாங்க நினைக்கும் நம்மவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். (எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு இந்தப் பேச்சைத் தொடங்குவதே நல்லது.)

கடைக்காரரிடம் கேட்டால் பெரும்பாலும் 125 கிரெய்ன் மேக்னம் பெட்டியைத்தான் எடுத்து வைப்பார். சுமார் 8 கிராம் எடையுள்ள குண்டு, 4 அங்குல பேரலில் (துப்பாக்கிக் குழலில்) நொடிக்கு 1450 அடி வேகம். எழுபது, எண்பதுகளில் அமெரிக்கப் போலீஸாரிடையே பெரிய பெயர் வாங்கிய தோட்டா அது. அந்தப் பெயர் பொய்யில்லை. ஆனால் அது 4 அங்குலமும் அதற்கு மேலும் நீண்ட பேரல் கொண்ட, ஒரு கிலோ எடையுள்ள போலீஸ் ரிவால்வரில் வாங்கிய பெயர். இன்று வீட்டுக்கென்று பலர் வாங்குவது ரூகர் எல்.சி.ஆர்., ரூகர் எஸ்.பி.101, ஸ்மித் அண்ட் வெஸனின் ஜே-ஃப்ரேம் போன்ற 2 அங்குலத்தை ஒட்டிய குட்டைத் துப்பாக்கிகள். அதே தோட்டாவை இவற்றில் போட்டு இருட்டில் சுட்டால் நடப்பது வேறு.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேரல் 3 அங்குலமோ அதற்குக் குறைவோ என்றால், இரவுக்கு முழு வேக மேக்னம் வேண்டாம். குட்டை பேரலுக்கென்றே தயாரித்த .38 ஸ்பெஷல் +பி (வழக்கமான .38ஐவிட அழுத்தம் கூடியது) தோட்டா போதும். அதைவிடக் கொஞ்சம் வேகம் வேண்டும் என்பவர்களுக்குக் குட்டை பேரலுக்கான .357 தோட்டா இருக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பேரல் வாயில் எழும் தீ

1935இல் ஸ்மித் அண்ட் வெஸனும் வின்செஸ்டரும் .357 மேக்னத்தைக் கொண்டுவந்தபோது அதற்கான துப்பாக்கி கனமாகவும் நீளமாகவும் இருந்தது. எட்டே முக்கால் அங்குலம் வரை பேரல் வைத்து விற்றார்கள். தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து மெதுவாக எரிந்து, நீண்ட பேரல் முழுக்கக் குண்டைத் தள்ளிக்கொண்டே போகும் என்ற கணக்கு அது. அழுத்தத்தைப் பாருங்கள். அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர்களின் தரநிர்ணய அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வைத்திருக்கும் உச்சவரம்பு .38 ஸ்பெஷலுக்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்ட். .38 +பி என்றால் 20,000. .357 மேக்னத்துக்கு 35,000. அதோடு, மெதுவாக எரியும் மருந்து கொண்ட மேக்னம் தோட்டாவில் மருந்தின் அளவே .38இல் இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

குண்டு பேரலை விட்டு வெளியேறும் கணத்தில், அதன் பின்னாலிருக்கும் வாயு கடும் சூட்டோடும் அழுத்தத்தோடும் வெளியே பாய்கிறது. அப்போது பேரல் வாயிலேயே ஒரு சிறு ஒளி தெரியும். அடுத்து, விரிந்த வாயு தன் அதிர்வலையிலேயே மீண்டும் சூடேறி, சற்றுத் தள்ளி இன்னொரு ஒளியைக் காட்டும். இவை இரண்டும் பெரிதல்ல. பெரியது மூன்றாவது. துப்பாக்கி மருந்து முழுமையாக எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதில்லை. ஆகவே வெளியே வரும் வாயுவில் கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரஜனும் நிறைய மிச்சமிருக்கும். காற்றோடு கலந்ததும் இவை மறுபடி பற்றிக்கொள்கின்றன. நாம் பார்க்கும் அந்தப் பெரிய தீப்பிழம்பு இதுதான். எரியாத மருந்துத் துகள்கள்தான் பிழம்பு என்று பலர் சொல்வார்கள். துகள்களும் பொறியாகப் பறக்கத்தான் செய்யும், ஆனால் கண்ணைப் பறிப்பது வாயு எரிவதுதான். குண்டு அதற்குள் போய்விட்டது. இந்த எரிதலால் அதற்கு ஒரு பலனும் கிடையாது.

நீண்ட பேரலில் வாயு உள்ளேயே விரிந்து, குளிர்ந்து, அழுத்தம் இறங்கி வெளியே வருகிறது. மீண்டும் பற்றிக்கொள்ளும் சூடு பல நேரம் அதற்கு இருக்காது. பேரல் குட்டையானால் சூடும் அழுத்தமும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆக, பிழம்பைத் தீர்மானிப்பது தோட்டாவின் பெயர் மட்டுமல்ல. எந்த மருந்து, எவ்வளவு மருந்து, எத்தனை அங்குல பேரல், இந்த மூன்றும் சேர்ந்துதான்.

தயாரிப்பாளர்கள் இதைக் குறைக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மருந்தில் பொட்டாசியம் உப்புகளைச் சிறிது சேர்ப்பார்கள். வெளியே வாயு பற்றிக்கொள்ளும் சங்கிலி வினையை அவை இடையில் அறுத்துவிடும். அதற்கு விலையாகப் புகை கொஞ்சம் கூடும். பாதுகாப்புக்கென்று விற்கும் தோட்டாக்களுக்கும் மலிவான பயிற்சித் தோட்டாக்களுக்கும் இருட்டில் தெரியும் வித்தியாசத்துக்கு இந்த மருந்துத் தேர்வு ஒரு முக்கியக் காரணம். அழுத்தத்துக்கு எண் இருப்பதுபோல வெளிச்சத்துக்குப் பெட்டியில் எந்த எண்ணும் போடுவதில்லை. 'குறைந்த ஒளி' என்று அச்சடித்திருந்தால் அது அந்த நிறுவனத்தின் வாக்கு, அவ்வளவுதான்.

கண்ணுக்கு என்ன ஆகிறது?

இணையத்தில் சுற்றும் படங்களைப் பார்த்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். இருட்டறையில் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்து எடுக்கும் படத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை எழுந்த ஒளி முழுவதும் ஒரே சட்டகத்தில் சேர்ந்துவிடும். உண்மையில் அது நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரமே நிற்கும். சுடுபவர் துப்பாக்கிக்குப் பின்னால் இருக்கிறார், பக்கவாட்டில் நிற்பவருக்குத் தெரியும் அளவு அவருக்குத் தெரியாது.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. முழு இருட்டுக்கு நம் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். விழித்திரையின் கம்பு செல்களில் இருக்கும் ரொடாப்சின் என்ற நிறமி மெல்ல மெல்லத்தான் சேரும், பலமான ஒளி பட்டால் கணத்தில் வெளுத்துவிடும். தூக்கத்திலிருந்து எழுந்தவரின் கண் அப்படிப் பழகிய கண்தான். விளக்கே போடாமல் அவர் குட்டை ரிவால்வரில் முழு மேக்னம் சுட்டால், பார்வைக்கு நடுவே ஒரு நிழற்புள்ளி சில நொடிகள் ஒட்டிக்கொண்டே நிற்கும். எதிரில் இருப்பவர் விழுந்தாரா, ஓடினாரா, கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டிய நொடிகள் அவை.

ஆனால் விளக்கே போடாமல் சுடுவதுதான் இங்கே முதல் தவறு. யார் என்று தெரியாமல் விசையில் விரல் வைக்கவே கூடாது. கல்லூரியிலிருந்து நள்ளிரவில் சொல்லாமல் வந்த மகனாகக்கூட இருக்கலாம். டார்ச்சோ சுவர் சுவிட்சோ போட்டுவிட்டால் கண் ஓரளவு வெளிச்சத்துக்கு வந்துவிடும், பிழம்பின் பாதிப்பும் குறைந்துவிடும். எனவே பிழம்பு ஒன்றை மட்டும் வைத்து மேக்னத்தை ஒதுக்கச் சொல்ல மாட்டேன். பிழம்போடு கூடவே வரும் மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு முடியும்: சத்தம், உதை.

முழு வேக .357

உள்ளரங்க ரேஞ்ச் ஒன்றில் குறைந்த வெளிச்சப் பயிற்சி வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். விளக்குகளை அணைத்துவிட்டு, வெளியேறும் வழியைக் காட்டும் சிவப்புப் பலகையை மட்டும் விட்டிருந்தார்கள். இரண்டு தடுப்புத் தள்ளி ஒருவர் இரண்டேகால் அங்குல எஸ்.பி.101இல் 125 கிரெய்ன் மேக்னம் போட்டுச் சுட்டார். பேரல் வாயில் பூசணிக்காய் அளவுக்கு ஆரஞ்சு நிறப் பிழம்பு. கூடவே சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலிருந்து இரண்டு பக்கமும் தட்டையாகத் தீக்கீற்று. கூரைத் தகட்டில் இருந்த திருகுகள்கூட அந்தக் கணத்தில் தெரிந்தன. அதைவிட முக்கியம் அடுத்து நடந்தது. இரண்டாவது குண்டைச் சுட அவர் எடுத்துக்கொண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கே நீளமாகத் தெரிந்தது. சுட்டபோது கை முன்கூட்டியே கீழே அமுங்கியது. விளக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குண்டு குறியட்டையின் கீழ் ஓரத்தில் இருந்தது. நல்ல அனுபவம் உள்ள ஆள் அவர்.

அந்தச் சிலிண்டர் இடைவெளி ரிவால்வருக்கே உரியது. அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான், ஆனால் மேக்னம் அழுத்தத்தில் அங்கிருந்து வரும் தீ சிலிண்டரே இல்லாத பிஸ்டலில் கிடையாது. பேரலை ஒட்டி விரலையோ டார்ச் பிடித்த கையையோ கொண்டுபோனால் காயம் படும்.

அப்புறம் சத்தம். 140 டெசிபலைத் தாண்டும் ஒரே ஒரு வெடிச்சத்தம்கூடக் காதை நிரந்தரமாகக் கெடுக்க வல்லது. எல்லாக் கைத்துப்பாக்கிகளும் இதைத் தாண்டுகின்றன, .38உம் விலக்கில்லை. .357 குட்டை பேரலில் 160ஐயும் கடக்கும். டெசிபல் நேர்கோட்டில் ஏறும் அளவு இல்லை, பத்து கூடினாலே பெரிய ஏற்றம். ரேஞ்சில் காதுக்கவசம் இருக்கும். ஜன்னல் மூடிய படுக்கையறையில் நள்ளிரவில் இருக்காது. அறையில் இருப்பது நீங்கள் மட்டுமாகவும் இருக்காது.

நியாயமாக மேக்னத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2 அங்குல பேரலில் அது நொடிக்கு 1200 அடியை ஒட்டி இறங்கிவிடும் என்றாலும், அப்போதும் .38ஐவிட வேகம்தான். "குட்டை பேரலில் மேக்னம் வெறும் .38 ஆகிவிடும்" என்பது மிகை. கூடுதல் வேகம் உண்மையிலேயே கிடைக்கிறது. அதற்குக் கொடுக்கும் விலைதான் எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதிலும் ஸ்மித் அண்ட் வெஸன் 340 பி.டி. போன்ற, 350 கிராம்கூட எட்டாத எடையில் மேக்னம் சுடுவது கைக்குத் தண்டனை. முதல் சிலிண்டரோடு பயிற்சியே நின்றுவிடும்.

.38 ஸ்பெஷல் +பி

1890களின் கடைசியில் கரும்மருந்துத் தோட்டாவாகப் பிறந்தது .38 ஸ்பெஷல். பழசு என்பதற்காகக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. குட்டை பேரலுக்கென்றே வடிவமைத்தவை இன்று கிடைக்கின்றன. ஸ்பியர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் +பி அப்படி ஒன்று, 2 அங்குல பேரலில் நொடிக்கு 860 அடி என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். பெரும்பாலான .357 பெட்டிகளில் இருக்கும் எண் 4 அங்குல சோதனை பேரலில் எடுத்தது. இது நம் கையிலிருக்கும் நீளத்தில் எடுத்தது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே வகுப்பில், அதே எஸ்.பி.101இல் இந்தத் தோட்டாவைப் போட்டுச் சுட்டபோது இடைவெளியில் ஒரு செந்நிறப் பொறியும் வாயில் கைப்பிடி அளவு மங்கிய ஒளியும் தெரிந்தன. அடுத்தடுத்த குண்டுகள் சீராகப் போயின. 740 கிராம் எடையுள்ள எஃகுத் துப்பாக்கியில் .38இன் உதையை எளிதாகத் தாங்கலாம், ஒரு பெட்டி முழுக்கச் சுட்டுப் பழகலாம். தம்பதியில் இருவரும் ஒரே துப்பாக்கியைப் பயன்படுத்துவதாக இருந்தால் இது பெரிய விஷயம்.

பழைய 158 கிரெய்ன் ஈயக் குழிமுனைக் குண்டும் இருக்கிறது. எஃப்.பி.ஐ. பயன்படுத்தியதால் அந்தப் பெயரிலேயே அழைப்பார்கள். மெதுவானது, நிதானமானது. கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

ஒரு எச்சரிக்கை: +பி எல்லா .38 ரிவால்வருக்கும் ஏற்றதல்ல. பழைய துப்பாக்கிகளில், முக்கியமாக அலுமினியச் சட்டம் கொண்டவற்றில், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் போடக் கூடாது. .357 என்று பொறித்த ரிவால்வருக்கு இந்தக் கவலை இல்லை.

நடுவழி: குட்டை பேரல் .357

ஸ்பியரே 135 கிரெய்னில் குட்டை பேரல் .357 ஒன்றும் விற்கிறது, 2 அங்குலத்தில் நொடிக்கு 990 அடி. ரெமிங்டன் கோல்டன் சேபர் 125 கிரெய்ன் 4 அங்குலத்தில் 1220 அடி, முழு மேக்னத்தைவிட நல்ல அளவு தணிந்தது. .38ஐவிட வேகமாகவும், முழு மேக்னத்தைவிட அடங்கியும் போகும் தோட்டாக்கள் இவை. 3 அங்குல பேரலும் எஃகுச் சட்டமும் இருந்து, மாதம் தவறாமல் பயிற்சிக்குப் போகிறவராக இருந்தால் இதை எடுக்கலாம். ரூகர் ஜி.பி.100 போன்ற 4 அங்குலத்துக்கு மேற்பட்ட, ஒரு கிலோவைத் தாண்டும் துப்பாக்கி இருந்தால் முதல் தேர்வே இதுவாக இருக்கலாம். 2 அங்குலத்தில் .38ஐவிட இது கூடுதலாகத் தருவது 130 அடி வேகம். அதற்காக நான் மாற மாட்டேன்.

ரிவால்வரையே விட்டுவிட்டால்?

பிழம்புதான் உங்கள் முதல் கவலை என்றால் 9 எம்.எம். பிஸ்டலை ஒருமுறை சுட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அழுத்த வரம்பு .357 மேக்னத்தின் அதே 35,000தான். ஆனால் தோட்டாவின் கூடு சிறியது, மருந்து குறைவு, வேகமாக எரியும் மருந்து. 124 கிரெய்ன் குண்டு 4 அங்குல பேரலில் 1150 அடி வேகத்தில் போகும், வெளிச்சமோ கொஞ்சம்தான். பிஸ்டலின் பேரல் நீளத்தில் தோட்டா உட்காரும் அறையும் சேர்த்தி, ரிவால்வரில் சிலிண்டரை விட்டுவிட்டு அளப்பார்கள். அதனால் 4 அங்குல பிஸ்டலில் குண்டு உண்மையில் ஓடும் தூரம் 3 அங்குலச் சொச்சம்தான். அந்தத் தூரத்திலேயே மருந்து தன் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது என்பது 9 எம்.எம்.இன் சிறப்பு. எஃப்.பி.ஐ. பத்து மில்லிமீட்டர், .40 என்றெல்லாம் போய்விட்டு மறுபடி 9 எம்.எம்.க்கே திரும்பியது இந்தக் காரணத்துக்காக அல்ல என்றாலும், வீட்டுக்கு அது நல்ல தேர்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடை இழுக்கக் கை வலு இல்லாதவர்களும், தோட்டா சிக்கினால் சரிசெய்யப் பழகாதவர்களும்தான் ரிவால்வரிலேயே இருக்க வேண்டும்.

.357 சிக் வேண்டாம். 4 அங்குல .357 மேக்னத்தின் வேகத்தைப் பிஸ்டலில் பிடிக்க 1994இல் வந்த தோட்டா அது. அழுத்தம் 40,000. சத்தமும் வெளிச்சமும் கூடவே வந்துவிட்டன. 10 எம்.எம்., .44 மேக்னம் இரண்டும் அலாஸ்காவில் கரடி நடமாடும் ஆற்றங்கரைக்குப் பொருந்தும், படுக்கையறைக்கு அல்ல.

பேரலின் மேல் துளை போட்ட ரிவால்வர்களைச் சிலர் பரிந்துரைப்பார்கள். துப்பாக்கி வாய் மேலே எழும்புவது குறையும், உண்மை. ஆனால் தீயை நேரே குறிபார்க்கும் கண்ணுக்கு முன்னால் மேலே அனுப்புகிறது. இரவுக்கு அதைவிட மோசமான ஏற்பாடு இல்லை. சைலன்சர் பிஸ்டலில் பிழம்பையும் சத்தத்தையும் நன்றாகவே குறைக்கும். அதற்குக் கூட்டாட்சிப் பதிவு வேண்டும், சில மாநிலங்களில் அனுமதியே இல்லை. ரிவால்வரில் சிலிண்டர் இடைவெளி வழியே எல்லாம் வெளியேறிவிடுவதால் பயனில்லை. ரஷ்யாவின் 1895 நாகன்ட் ரிவால்வர் மட்டும் சிலிண்டரை முன்னே தள்ளி இடைவெளியை அடைத்துக்கொள்ளும், அது சேகரிப்பாளர்களின் பொருள்.

வாங்கும் முன் ஒரு மாலை

1970 ஏப்ரலில், கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நள்ளிரவை ஒட்டி நடந்த மோதலில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நான்கு பேர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தவர்கள் எடுத்துச் சொன்ன குறைகளில் ஒன்று, பயிற்சியில் மென்மையான .38ஐச் சுட்டுவிட்டுப் பணியில் .357 மேக்னத்தோடு போனது. அந்த இரவின் முடிவுக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழகாத உதையையும் பழகாத தீயையும் முதன்முதலாக உயிர் போகும் நேரத்தில் சந்திப்பது எவருக்கும் நேரக் கூடாது.

எனவே நினைத்திருக்கும் தோட்டாவில் ஒரே ஒரு சிறு பெட்டி வாங்கி, குறைந்த வெளிச்சத்தில் சுட அனுமதிக்கும் ரேஞ்சில் உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுப் பாருங்கள். ஒரு சுற்று .38 +பி, ஒரு சுற்று குட்டை பேரல் .357, ஒரு சுற்று முழு மேக்னம். ஒவ்வொன்றிலும் இரண்டாவது குண்டு எங்கே போனது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் குண்டு எல்லாருக்கும் நன்றாகவே போகும். பக்கத்தில் நின்று செல்போனில் வீடியோ எடுத்தால், பிழம்பு இரண்டு சட்டகங்களுக்கு நடுவே தப்பிவிடவும் கூடும், அதை நம்பாமல் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

சுவர் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க வீடுகளின் உள்சுவர் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. மேலே சொன்ன எல்லாத் தோட்டாக்களும் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். பிள்ளைகளின் கட்டில் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பது தோட்டாத் தேர்வுக்கு முன்னால் யோசிக்க வேண்டியது.

கடைசியாக ஒரு பராமரிப்பு விஷயம். .357 சிலிண்டரில் தொடர்ந்து .38 சுட்டால், .38இன் கூடு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குட்டை என்பதால், அறையின் முன்பகுதியில் கரி வளையம் படியும். பிறகு .357 தோட்டாவைப் போட்டால் முழுதாக உட்காராமல் நிற்கும், சிலிண்டரும் மூடாது. ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போய்வந்த பிறகும் அந்த வளையத்தை வெண்கலத் தூரிகையால் தேய்த்து எடுங்கள், அப்புறம் இரவுக்கான தோட்டாவைப் போட்டுச் சிலிண்டர் தடையில்லாமல் சுற்றி மூடுகிறதா என்று பார்த்துவிட்டு லாக்கரைப் பூட்டுங்கள்.